வெளிநாட்டில் மிஷனரி ஊழியம் செய்தவர்களின் அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும்? அங்கே என்ன கற்றுக்கொண்டீர்கள்?

கேள்வியின் கீழே, அடுத்த ஆண்டு தாங்களும் புறப்படவிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஆகவே எதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

நான் 2011 முதல் 2017 வரை மலேசியாவின் பினாங்கில் ஒரு தமிழ்ச் சபையில் ஊழியம் செய்தேன். சுற்றுலாப் படங்களில் வரும் தீவில் அல்ல. கடலுக்கு இந்தப் புறம், பெருநிலத்தில், பிறை என்ற ஊரில். சொந்த ஊர் கன்னியாகுமரி மாவட்டம், குலசேகரம் பக்கம். அப்பா ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். அந்த விவரம் இந்தப் பதிலுக்குத் தேவைப்படும்.

அன்றாட வாழ்க்கை என்றால் பெரும்பகுதி படி ஏறுவதும் இறங்குவதும்தான். என் சபையார் பெரும்பாலும் மலிவுவிலை அடுக்குமாடிகளில் குடியிருந்தார்கள். லிப்ட் வேலை செய்யும் நாட்களைவிடச் செய்யாத நாட்களே அதிகம். நான் காலை ஐந்தரைக்கு எழுவேன். 1982 பிறந்தபோது தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி வைத்துக்கொண்டது. அதனால் பினாங்கில் ஏழு மணிக்குப் பிறகுதான் சூரியன் எட்டிப்பார்க்கும். இருட்டில் ஜெபித்து, இருட்டில் வேதம் வாசித்து, இருட்டிலேயே கோப்பி போட்டுக் குடிக்கும்போது கீழே தொழிற்சாலைப் பேருந்துகள் வந்து உறுமும். பிறையில் தொழிற்பேட்டைகள் நிறைய. சபைப் பெண்களில் பலருக்கு ஷிப்ட் வேலை. ஒரே வீட்டில் தாய்க்குக் காலை ஷிப்ட், மகளுக்கு இரவு ஷிப்ட் என்றால் வீட்டு ஜெபத்தை எப்போது வைப்பது? இரவு பத்தரை மணிக்கு ஜெபக்கூட்டம் நடத்தியிருக்கிறேன், அதிகாலை நான்கு மணிக்கும் நடத்தியிருக்கிறேன். ஊரிலிருந்து நான் எழுதிக் கொண்டுபோன வார அட்டவணை இரண்டாம் வாரமே பயனற்றுப் போனது.

பகலில் ஆஸ்பத்திரி, முதியோர் வீடுகள், எப்போதாவது சாவு வீடு. திங்கட்கிழமை மாலை பட்டர்வெர்த்தில் பெர்ரி ஏறித் தீவுக்குப் போவோம். அப்போது தீவுக்குப் போகத்தான் கட்டணம், 1 வெள்ளி (ரிங்கிட்) 20 காசு. திரும்பி வரக் கட்டணம் கிடையாது. ஜோர்ஜ்டவுனில் லெபோ பசார் வட்டாரத்து உணவகங்களில் நம் ஊர்ப் பையன்கள் பலர் வேலை செய்தார்கள். சிவகங்கை, புதுக்கோட்டை, இராமநாதபுரம். கடை அடைக்கும் நேரம் வரை காத்திருந்து அவர்களோடு உட்கார்ந்து பேசுவோம். பேச்சு பெரும்பாலும் ஊர்க்கடனைப் பற்றியும் அம்மாவின் உடல்நிலையைப் பற்றியும் இருக்கும். ஜெபிக்கட்டுமா என்று கேட்டுத்தான் ஜெபிப்போம். வேண்டாம் என்றவர்களோடும் அடுத்த வாரம் உட்காருவோம்.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மலேசிய அரசியலமைப்பின் 11ஆம் பிரிவு எல்லோருக்கும் மதச் சுதந்திரம் தருகிறது. இஸ்லாமியரிடையே பிற மதத்தைப் பரப்புவதை மாநிலங்கள் சட்டத்தால் கட்டுப்படுத்தலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. நான் வந்த முதல் நாளே சபை மூப்பர்கள் இதை எனக்கு விளக்கினார்கள். நீங்கள் எந்த நாட்டுக்குப் போனாலும் உங்களை அழைத்த சபைக்கு உங்களால் ஆபத்து வரக் கூடாது. அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து சொல்லிக்கொடுத்தேன். தேசியப் பள்ளியில் மலாயில் படிக்கும் பிள்ளைகள் பலருக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. ஓய்வுநாள் பள்ளியில் வசனத்தை மலாய்க்குப் பயன்படும் ரோமன் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு மனப்பாடம் செய்வார்கள். அந்நாட்டில் தமிழ்க்கல்வி 1816இல் தொடங்கியதாகச் சொல்வார்கள். ஹட்சிங்ஸ் என்ற ஆங்கிலிக்கன் குரு நிறுவிய பினாங்கு ஃபிரீ ஸ்கூலில்தான் முதல் தமிழ் வகுப்பு நடந்தது. அதற்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் கழித்து, அதே பினாங்கில், ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி முதன்முறையாக 'இயேசு' என்று தானே எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். என் ஆறு ஆண்டுகளில் அதற்கு ஈடான சந்தோஷம் அதிகமில்லை.

ஆனால் ஊருக்கு அனுப்பும் மாத அறிக்கையில் அதற்குக் கட்டம் இல்லை. எத்தனை கூட்டம், எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் இயேசுவை ஏற்கத் தீர்மானம் எடுத்தார்கள் என்று கட்டம் போட்ட தாள் அது. முதல் ஆண்டு அந்தத் தாள் என்னை ஆட்டிவைத்தது. மாதக் கடைசி நெருங்கினால் என் ஜெபமே மாறிவிடும். மனிதருக்காக ஜெபிக்கிறேனா, எண்ணுக்காக ஜெபிக்கிறேனா என்று எனக்கே தெரியாமல் போன நாட்கள் உண்டு. பிறகு ஒரு மாதம் கட்டங்களை வெறுமையாக விட்டு, பின்பக்கத்தில் நடந்ததை நடந்தபடி எழுதினேன். வருத்தப்பட்டுப் பதில் கடிதம் வந்தது. காணிக்கை அனுப்பியவர்களில் இரண்டு குடும்பங்கள் நிறுத்திக்கொண்டன. மற்றவர்கள் முன்பைவிடக் கருத்தோடு ஜெபித்தார்கள், ஏனென்றால் எதற்காக ஜெபிப்பது என்று அவர்களுக்கு இப்போதுதான் தெரிந்தது.

இனி, நான் செய்த தவறைச் சொல்ல வேண்டும்.

வந்த மூன்றாம் மாதம். சபையில் ஒரு குடும்பம். மூத்த மகன் ஏதோ வழக்கில் சிக்கிக் காவலில் இருந்தான். அவனுடைய தாய் அடுக்களையில் குரலைத் தாழ்த்தி என்னிடம் மட்டும் அதைச் சொன்னார். அடுத்த வாரம் அவர்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். அக்கம்பக்கத்தாரும் சம்பந்தி வீட்டாரும் வந்திருந்தார்கள். நான் ஊக்கமாக ஜெபித்தேன். சிறையிலிருக்கும் இந்த மகனை விடுவியும் ஆண்டவரே என்று பெயர் சொல்லியே ஜெபித்துவிட்டேன். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது அந்தத் தாய் குனிந்து தட்டில் முறுக்கை அடுக்கிக்கொண்டிருந்தார். அடுக்கியதைக் கலைத்தார். மறுபடி அடுக்கினார். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அதன்பின் மூன்று மாதம் அந்தக் குடும்பம் ஆலயத்துக்கு வரவில்லை.

அன்று என்னோடு வந்தவர் எங்கள் சபையின் மூத்த பாட்டி ஒருவர். கெடா மாநிலத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் 1934இல் பிறந்தவர். 1943இல் ஜப்பானியர் சயாம்-பர்மா ரயில் பாதை வேலைக்கு அவருடைய அப்பாவைக் கொண்டுபோனார்கள்; அவர் திரும்பவில்லை. பன்னிரண்டு வயதில் பாட்டி கத்தியைக் கையில் எடுத்தார். தோட்டம் வீடமைப்புக்காக விற்கப்பட்டு லயத்தை (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டை) விட்டு வெளியேற்றப்படும்வரை பால் வெட்டினார். நான் பால் வெட்டுகிறவரின் மகள் என்று தெரிந்த நாளிலிருந்து அவருக்கு என்மேல் தனிப் பிரியம். எங்கள் ஊரில் பால் பிடிக்கச் சிரட்டை வைப்போம் என்றால், நாங்கள் மங்கு வைப்போம் என்பார். ஒட்டுப்பால் (வெட்டிய இடத்தில் உறைந்து ஒட்டிக்கொள்ளும் பால்) என்ற சொல் மட்டும் இரண்டு ஊரிலும் ஒன்றாகவே இருந்தது.

படி இறங்கும்போது பாட்டி இரண்டாம் மாடியில் மூச்சு வாங்க நின்றார். "காயம்பட்ட மரத்தைப் பார்த்திருக்கிறாயா, பிள்ளை?" என்று கேட்டார்.

பார்க்காமலா? ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவும்போது உள்ளிருக்கும் கட்டையைத் தொடாமல் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் பட்டையை விட்டுவைக்க வேண்டும். பால் அதிகமாக இருப்பது அந்த உள்பட்டையில்தான். அதனால் ஆசை கத்தியை உள்ளே இழுக்கும். ஆழமாகப் போனால் அன்றைக்குப் பால் கூடலாம். ஆனால் கட்டையைத் தொட்டுவிட்டால் அந்த இடத்தில் பட்டை ஒழுங்காக வளராது. முண்டும் முடிச்சுமாகத் திரண்டுகொள்ளும். பிறகு எத்தனை ஆண்டு காத்திருந்தாலும் அங்கே சீராகக் கத்தி ஓட்ட முடியாது. சிறுவயதில் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகும்போது அப்படிப்பட்ட மரங்களைத் தடவிப் பார்த்திருக்கிறேன்.

"பார்த்திருக்கிறேன், பாட்டி."

"இன்றைக்கு நீ கட்டை வரைக்கும் வெட்டிவிட்டாய்" என்றார். அவ்வளவுதான். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மீதிப் படிகளை இறங்கிப் போனார்.

வேதாகமக் கல்லூரியில் எனக்குப் பிரசங்கக் கலை கற்றுக்கொடுத்தார்கள், ஆலோசனை ஊழியம் என்று ஒரு பாடமே வைத்தார்கள். அந்தப் படிக்கட்டில் கேட்ட ஒரு வாக்கியம் அளவுக்கு அவற்றில் எதுவும் எனக்குள் இறங்கவில்லை. மன்னிப்புக் கேட்கப் போனேன். அந்தத் தாய் கோப்பி கொடுத்தார்; பேசவில்லை. செவ்வாய்தோறும் போனேன். ஜெபிக்கட்டுமா என்று கேட்கக்கூடத் துணிவில்லாமல், பயற்றங்காய் நறுக்கிக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தேன். அன்று முதல் இன்றுவரை யார் வீட்டில் ஜெபிப்பதானாலும் 'எதைச் சொல்லி ஜெபிக்கட்டும், எதைச் சொல்லாமல் விடட்டும்' என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன். சொல்லாமல் விட்டதும் ஆண்டவருக்குத் தெரியும்.

2014 ஜூலையில் எனக்கு டெங்கி வந்தது. அந்த ஆண்டு மலேசியாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரை அந்தக் காய்ச்சல் பிடித்தது. ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டிய இரத்தத்தட்டு எனக்கு 38,000க்கு இறங்கியது. அம்மாவிடம் போனில் லேசான காய்ச்சல் என்று பொய் சொன்னேன். அதுவும் ஒரு பாவந்தான்.

அந்த ஒன்பது நாட்களில் நடந்ததை நான் இன்னும் முழுதாக எண்ணி முடிக்கவில்லை. பாட்டி பப்பாளி இலைச் சாற்றைப் பேரன் கையில் கொடுத்தனுப்பினார். அடுத்த வீட்டுச் சீன அம்மா நண்டு சூப் வைத்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்கே வந்தார். டெங்கிக்கு அதுதான் மருந்து என்பது அவருடைய உறுதி. அது நோன்பு மாதம். பள்ளிவாசலில் கொடுக்கும் கஞ்சியை, கீழ்மாடி மலாய்க் குடும்பத்தார் என் அறைத்தோழிக்காகக் கதவுக் கைப்பிடியில் மாட்டி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். இரண்டாம் இரவு கண் விழித்தபோது கட்டிலருகே பிளாஸ்டிக் நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அந்தத் தாய். இரவு ஷிப்டுக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருந்தார். விடிந்ததும் என் தலையை வாரிப் பின்னிவிட்டார். மகனைப் பற்றி நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார், வெளியே வந்து லாரி ஓட்டுகிறானாம். பிறகு கஞ்சியைக் கரண்டியில் எடுத்து, "பசியாறு, மகளே" என்றார்.

பசியாறுதல் என்பதுதான் அந்த ஊர்த் தமிழர் காலைச் சாப்பாட்டுக்குச் சொல்லும் சொல். வந்த புதிதில் காணும் ஒவ்வொருவரும் "பசியாறிவிட்டீர்களா?" என்று கேட்டபோது, நான் பசித்தவள்போல் தோன்றுகிறேனா என்று கூசியிருக்கிறேன். அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில் எனக்குக் கூச்சம் இல்லை. உண்மையிலேயே பசித்தது.

மத்தேயு 25ஆம் அதிகாரத்தில், அந்நியனாயிருந்தேன், என்னைச் சேர்த்துக்கொண்டீர்கள் என்று ஆண்டவர் சொல்கிறார். அதை எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். எப்போதும் நான் சேர்த்துக்கொள்ளும் பக்கத்தில்தான் நின்றேன். அந்நியர் வேறு யாரோ. ஆறு ஆண்டுகளில் நான் கற்ற பெரிய பாடம் எது என்றால், அந்த வசனத்தின் மறுபக்கத்தில் நிற்கக் கற்றதுதான். அது எளிதாக வரவில்லை. கொடுப்பதில் ஓர் உயரம் இருக்கிறது; அதிலிருந்து இறங்க உடம்பு விழ வேண்டியிருந்தது.

எங்கள் ஊர்ச் சரித்திரத்தையே நான் வேறுவிதமாகப் பார்க்கத் தொடங்கினேன். இலண்டன் மிஷனரி சங்கத்தின் ரிங்கல்தௌபே என்ற ஜெர்மானியர் 1806இல் மயிலாடிக்கு வந்தார் என்றும், 1809இல் அங்கே ஆலயம் எழுந்தது என்றும் ஓய்வுநாள் பள்ளியில் படித்தோம். அவர் கொடுத்ததையெல்லாம் படித்தோம். அவரை அழைத்துவர வழிசெய்தவர் மயிலாடியின் மகாராசன் வேதமாணிக்கம். ஆனால் ரிங்கல்தௌபேக்கு முதல் நாள் கஞ்சி ஊற்றியது யார்? மலையாளமும் தமிழும் கலந்த எங்கள் பேச்சு அவருக்குப் புரியாதபோது பொறுமையாகத் திருப்பிச் சொன்னது யார்? காய்ச்சலில் கிடந்தபோது யார் உட்கார்ந்திருந்தார்கள்? 1816இல் நோயோடு புறப்பட்டுப் போனவரின் முடிவு என்னவென்று எவருக்கும் நிச்சயமாகத் தெரியாது. அவருக்குச் சோறிட்ட பெண்களின் பெயரும் எந்தப் புத்தகத்திலும் கண்ணில் படவில்லை. பிறைக்குப் போகாதிருந்தால் அவர்களைப் பற்றி நான் நினைத்தே இருக்க மாட்டேன்.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: முதல் ஆறு மாதம் பிரசங்க அழைப்புகளைக் குறைத்துக்கொண்டு வீடுகளுக்குப் போங்கள். கொடுப்பதைச் சாப்பிடுங்கள். உங்களிடம் சொன்னதை வெளியே சொல்லாதீர்கள்.

2017இல் புறப்படும் வாரம் விடைபெறப் போனபோது பாட்டிக்கு 83 வயது. பழைய சட்டைத் துணியில் சுற்றி ஒன்றைக் கொடுத்தார். அவருடைய பால்வெட்டுக் கத்தி. "உன் அப்பாவிடம் கொடு, அவருக்குத்தான் இது என்னவென்று தெரியும்" என்றார். கைப்பையில் கொண்டுபோக முடியாது என்பதால் பெரிய பெட்டியில் சேலைகளுக்கு நடுவே வைத்துப் பூட்டினேன்.

ஊருக்கு வந்த அன்று மாலை அப்பா திண்ணையில் உட்கார்ந்து துணியைப் பிரித்தார். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கட்டைவிரலைக் கத்தியின் வாயின்மேல் மெதுவாக ஓட்டினார். தேய்ந்து பாதியாகிவிட்ட கத்தி. ஆனால் எங்கும் ஒரு பல் விழவில்லை.

"நாள் தவறாமல் தீட்டியிருக்கிறார்கள்" என்றார். உள்ளே போய் எண்ணெய்த் துணி எடுத்துவந்து துடைத்து, தம்முடைய கத்திக்குப் பக்கத்தில் வைத்தார்.