கேள்வி – பதில்: யாழ்ப்பாணத்துக் கழிவுநீருக்கு எந்த முறை?

கேள்வி: யாழ். நகரத்துக்குக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் அமைப்பதானால் கழிவைத் திறந்த குளங்களில் தேக்கித் தெளியவிடும், செலவு குறைந்த குளமுறையே போதும் என்கிறார்கள் சிலர். இயந்திர முறைதான் வேண்டும் என்கிறார்கள் வேறு சிலர். எது சரி? (நல்லூர் வாசகர்)

பதில்: இரு தரப்பும் பி.ஓ.டி. அளவை, அதாவது கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஒட்சிசன் அளவை வைத்தே வாதாடுகிறார்கள். இங்கே முதலில் பார்க்கவேண்டியது நைதரசனை. ஆளொருவரிடமிருந்து நாளுக்கு 8 முதல் 10 கிராம் நைதரசன் கழிவில் சேர்கிறது. அது 120 லீற்றர் நீரில் கரைந்தால் லீற்றருக்கு 70–80 மில்லிகிராம்; முழுதும் நைத்திரேற்றானால், ஒட்சிசனின் எடையும் சேர்ந்து 300ஐத் தொடும். குடிநீரிலுள்ள நைத்திரேற்றுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்த எல்லை 50. வற்றாத ஆறொன்றும் இல்லாத குடாநாட்டில், நிலத்தில் விடும் தண்ணீர் சுண்ணாம்புக்கல் வெடிப்புகளுக்குள்ளால் கிணற்றுக்குத்தான் போகும். பி.ஓ.டி. 30க்குக் கீழே வந்துவிட்டது என்ற அறிக்கை கிணற்றைக் காப்பாற்றாது.

குளமுறைக்கு வெயில் உண்டு, மின்சாரச் செலவு இல்லை, கிருமியும் நன்றாகக் குறையும். ஆனால் ஆளுக்குச் சுமார் 2 சதுர மீற்றர் நிலம் வேண்டும்; 10,000 பேருக்கு ஏறத்தாழ 80 பரப்பு. நகரத்துக்குள் அவ்வளவு காணிக்கு எங்கே போவது? அடியில் 1.5 மில்லிமீற்றர் எச்.டி.பி.இ. (தடித்த பிளாஸ்ரிக்) விரிப்பு இல்லாமல் வெட்டினால் அது குளமல்ல, பெரியதொரு மலக்குழி.

கழிவைச் சேற்றுப் படுக்கையினூடே கீழிருந்து மேலே செலுத்தும் காற்றில்லா முறையான யு.ஏ.எஸ்.பி. நைதரசனைக் குறைப்பதில்லை. கடற்கரையோரக் குருநகர், பாசையூர்ப் பக்கம் குழாய் மூட்டுகளால் உவர்நீர் கசிந்து சேர்ந்தால், அதிலுள்ள சல்பேற்று ஐதரசன் சல்பைட்டாகி நாறும், கொங்கிரீற்றையும் அரிக்கும்.

எங்கள் தெரிவு எஸ்.பி.ஆர். முறை, அதாவது கழிவைத் தொகுதி தொகுதியாக எடுத்துச் சுத்திகரிக்கும் முறை. ஒரே தொட்டியில் ஆறு மணித்தியாலச் சுற்று: காற்றடிக்காமல் கலக்கியபடி நிரப்ப ஒன்றரை, காற்றடிக்க இரண்டரை, படிய ஒன்று, மேல்நீரை வடிக்க ஒன்று. காற்றடிக்கும்போது கழிவு நைதரசனிலிருந்து வரும் அமோனியா நைத்திரேற்றாகும். அடுத்த சுற்றில் புதுக்கழிவு வந்ததும், ஒட்சிசன் கிடைக்காத பற்றீரியா நைத்திரேற்றிலிருந்தே அதை எடுத்துக்கொள்ள, நைதரசன் வாயுவாகப் போய்விடும். ஒரு சுற்றில் தொட்டியின் மூன்றிலொரு பங்குக்கு மேல் வடிக்கக்கூடாது. வடிப்பதோடு நைத்திரேற்றும் வெளியேறுகிறதே! இவ்வளவு செய்தும் நைதரசன் லீற்றருக்கு 20 மில்லிகிராம் அளவில் நிற்கும். நைத்திரேற்றாக அது ஏறத்தாழ 90. ஆகவே அந்த நீரை நிலத்துக்குள் இறக்காமல், கிருமி நீக்கி, தென்னைக்கும் புல்லுக்கும் பசளையைக் குறைத்துப் பாய்ச்சவேண்டும்.

எங்கள் கடின நீரில் காற்றுக்குமிழ்த் தட்டுகளின் துளைகளைச் சுண்ணாம்பு அடைக்கும். காற்றூதியின் அழுத்தம் மெல்ல மெல்ல ஏறினால் அமிலத்தால் கழுவும் நேரம் வந்துவிட்டது. ஜெனரேற்றர் வெளிச்சத்துக்கு மட்டுமல்ல, காற்றூதிக்கும் போதுமானதாக இருக்கட்டும்.

நிலையத்தைவிடக் குழாய்தான் காசைத் தின்னும். 150க்கு 1 சரிவில் 600 மீற்றர் போனாலே 4 மீற்றர் ஆழம்; தட்டையான ஊரில் அது கல்லுடைப்பும் நிலத்தடி நீரும்தான். ஒரே பெரிய நிலையத்தைவிட வட்டாரத்துக்கு வட்டாரம் சிறியவை நல்லது.

கேள்வி: எங்கள் விடுதியின் சிறு சுத்திகரிப்புத் தொட்டியில் சேறு கட்டிகட்டியாக மேலே மிதக்கிறது. காற்றைக் கூட்டலாமா? (கொக்குவில் வாசகர்)

பதில்: அவசரப்பட்டுக் கூட்டவேண்டாம். காற்றுத் தொட்டிக் கலவையை ஒரு லீற்றர் அளவுச்சாடியில் எடுத்து அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். நன்றாகப் படிந்து, இரண்டு மணி நேரத்துக்குள் குமிழோடு மேலெழுந்தால், படிவுத் தொட்டியில் தங்கிய சேற்றுக்குள் நைத்திரேற்று வாயுவாகிறது என்று பொருள். சேற்றை விரைவாகத் திருப்பி அனுப்புங்கள். மிகுதிச் சேற்றை நாளாந்தம் சிறிது சிறிதாக வெளியேற்றுங்கள். அரை மணியில் படியவே இல்லையென்றால் இழைப் பற்றீரியா பெருகியிருக்கலாம். அப்போது கரைந்த ஒட்சிசனை அளந்து பாருங்கள்; லீற்றருக்கு 2 மில்லிகிராமுக்குக் குறைந்திருந்தால் மட்டும் காற்றைக் கூட்டலாம். சமையலறைக் கழிவுநீரின் எண்ணெயைத் தடுத்து நிறுத்தும் எண்ணெய்ப் பொறியையும் திறந்து பாருங்கள், பெரும்பாலும் அது நிரம்பித்தான் இருக்கும்.

கேள்வி: மலக்குழிக்குப் பக்கத்துக் கிணற்றுநீரைக் கொதிக்கவைத்தால் குழந்தைக்குப் பால்மா கரைக்கலாமா? (சுன்னாகம் வாசகி)

பதில்: கூடாது. கொதிக்கவைத்தால் கிருமி சாகும். நைத்திரேற்று போகாது, நீர் ஆவியாக ஆவியாகச் செறிவுதான் கூடும். ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் திறனை அது குறைக்கும். கிணற்றுநீரை நைத்திரேற்றுக்குப் பரிசோதிக்கக் கொடுங்கள். முடிவு வரும்வரை வேறு நீர் பாவியுங்கள்.