இசைத்தட்டின் கடைசிப் பாடல் ஏன் தெளிவு குறைகிறது?

புதுச்சேரி ஞாயிறு சந்தையில் வாங்கிய பழைய எல்பி தட்டில் ஒவ்வொரு பக்கத்தின் கடைசிப் பாடல் மட்டும் கரகரப்பதற்குத் தேய்மானம்தான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். தேய்மானமும் இருக்கலாம், முதன்மையான காரணம் தட்டின் வடிவத்திலேயே உள்ளது.

தட்டு நிமிடத்திற்கு 33⅓ சுற்று என்று ஒரே சீராகச் சுழன்றாலும், வெளி விளிம்பில் ஊசிக்கு அடியில் வினாடிக்குச் சுமார் 50 செ.மீ. நீளப் பள்ளம் கடந்து செல்ல, கடைசிப் பாடல் அமையும், லேபிளை ஒட்டிய இடத்தில் ஏறத்தாழ 21 செ.மீ. மட்டுமே கடப்பதால், அதே ஒலியலைகள் பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கிச் செதுக்கப்படுகின்றன. அந்த நுண்ணிய வளைவுகளை ஊசிமுனையால் முழுமையாகப் பின்தொடர முடியாதபோது 'ச', 'ஷ' ஒலிகளும் ஜால்ராவின் கணீரென்ற நாதமும் சிதைகின்றன.

இதே பாடல் வானொலியில் சுத்தமாகக் கேட்டதாகச் சொல்கிறீர்கள். மத்திய அலை ஒலிபரப்பில் ஏறத்தாழ 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட கூர்மையான ஒலிகள் பெரும்பாலும் வந்து சேர்வதில்லை. சிதைவு அதிகம் தெரிவதும் அந்த ஒலிகளில்தான். சிதைவு மறையும்போது நாதத்தின் பொலிவும் உடன் மறைகிறது. கச்சேரி மேடைக்கு அருகில் அமர்ந்து மிருதங்கத்தின் வலப்பக்க முகமான வலந்தலையைக் கேட்டவருக்கு அந்த இழப்பு உடனே புலப்படும். ஆகவே, கடைசிப் பாடலில் சற்றுக் கரகரத்தாலும் நான் தட்டையே விரும்புவேன்.

நீள்வட்ட முனை கொண்ட ஊசியைப் பொருத்தி அதன் கோணத்தைச் சரிபார்த்தால் பெருமளவு தெளிவு கிட்டும். கடற்கரை ஊரின் ஈரக்காற்றில் பூஞ்சை எளிதில் படியுமாதலால், காய்ச்சி வடித்த நீரில் நனைத்த மெல்லிய துணியால் பள்ளத்தின் போக்கிலேயே துடையுங்கள். அரக்கால் செய்த பழைய 78 சுற்றுத் தட்டுகளில் மட்டும் ஆல்கஹால் கலந்த திரவம் படவே கூடாது. அது அரக்கைக் கரைத்துவிடும்.