டயர் ஸ்ட்ரெய்ட்ஸின் ‘பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்’: 5.1 சரவுண்டில் கேட்டால் என்ன வித்தியாசம்?

கேள்வி இதுதான்: பிடித்த பாப் ராக் ஆல்பம் எதையாவது 5.1 சரவுண்டில், அதாவது நம்மைச் சுற்றி ஐந்து ஸ்பீக்கரும் தாழ்ந்த ஒலிக்கு ஒரு சப்வூஃபரும் வைத்து, கேட்டிருக்கிறீர்களா? ஸ்டீரியோவைவிட அது உண்மையிலேயே மேலா, இல்லை நாலாபக்கமும் சத்தம் வருகிறது என்ற பிரமிப்பு மட்டும்தானா? அதற்காகச் செலவு செய்யலாமா?

கேட்டிருக்கிறேன், இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஆல்பம், டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் ‘பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்’. 1985 மே மாதம் வெளியானது. ஸ்பீக்கர் வாங்கக் கடைக்குப் போனால் இன்றைக்கும் போட்டுக் காட்டுகிற ஆல்பம் என்பதால் பலருக்கும் ஒன்றிரண்டு பாட்டாவது காதில் விழுந்திருக்கும். சரவுண்டில் மேலா என்றால், இந்த ஆல்பத்தைப் பொறுத்தவரை நான் தயங்காமல் ஆமாம் என்பேன். சத்தம் பின்னாலிருந்து வருகிறது என்பது ஐந்து நிமிடத்தில் பழகிவிடும். இரண்டு ஸ்பீக்கருக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நின்ற வாத்தியங்களுக்கு இடம் கிடைக்கிறது பாருங்கள், அது பழகவே மாட்டேன் என்கிறது. யார் எதை எப்போது வாசிக்கிறார்கள் என்பது தனித்தனியாகக் காதுக்கு எட்டுகிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஸ்பீக்கர்களை இயக்கும் பெட்டியான ரிசீவரில் ஒரு பொத்தானை அழுத்தினால் சாதாரண ஸ்டீரியோ பாட்டும் ஐந்து ஸ்பீக்கரில் வரும். நான் சொல்வது அதை அல்ல. அது இருக்கிற இரண்டு ஒலித்தடத்தைப் பிரித்துக் கணக்குப் போட்டுப் பரப்புவது. அசல் சரவுண்டுக்கு, ஒலிப்பதிவு செய்தபோது குரல், கிடார், டிரம்ஸ் என்று தனித்தனியாகப் பிடித்து வைத்த தடங்களை எடுத்து, ஐந்து ஸ்பீக்கரையும் ஒரு சப்வூஃபரையும் மனதில் வைத்து முதலிலிருந்து மிக்ஸ் செய்வார்கள். ‘பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்’ ஆல்பத்துக்கு அப்படி ஒரு மிக்ஸ் 2005-இல், இருபதாவது ஆண்டுப் பதிப்பாக வந்தது. செய்தவர் ஒலிப்பொறியாளர் சக் எய்ன்லே. குழுவின் பாடகரும் கிடார் கலைஞருமான மார்க் நாஃப்ளரே கூட இருந்து தயாரித்தார். மாஸ்டரிங், அதாவது தட்டுக்குப் போகும் முன் செய்யும் கடைசி ஒலிச் சீரமைப்பு, பாப் லட்விக். 2006-இல் சிறந்த சரவுண்ட் ஆல்பத்துக்கான கிராமி விருது இதற்குத்தான் கிடைத்தது. விருதுக்காகச் சொல்லவில்லை, பாட்டை எழுதி வாசித்தவரே பக்கத்தில் உட்கார்ந்து ஒப்புதல் கொடுத்த மிக்ஸ் என்பதற்காகச் சொல்கிறேன். சரவுண்ட் மிக்ஸ்கள் பலவற்றுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

இந்த ஆல்பம் ஏன் இதற்குப் பொருந்துகிறது என்பதற்கு அது பதிவான இடத்தைப் பார்க்க வேண்டும். கரீபியக் கடலில் மான்செராட் என்று ஒரு சின்னத் தீவு. அங்கே பீட்டில்ஸின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் 1979-இல் ஏர் ஸ்டூடியோவைத் திறந்தார். பாடி வாசிக்கும் அறை பெரிது இல்லை, ஏறத்தாழ 20க்கு 25 அடி. ஹாமண்ட் ஆர்கன் என்ற கீபோர்டுக்கான லெஸ்லி ஸ்பீக்கர் கட்டுப்பாட்டு அறைக்குப் போகும் வழியில், இரண்டு கதவுக்கு நடுவே இருந்த இடுக்கில் உட்கார்ந்திருந்தது. சின்தசைசர்களுக்குக் கட்டுப்பாட்டு அறையிலேயே இடம் கொடுத்துவிட்டார்கள். குழுவிலோ ஆலன் கிளார்க், கய் ஃபிளெட்சர் என்று இரண்டு கீபோர்டு கலைஞர்கள். நாஃப்ளரும் நீல் டார்ஃப்ஸ்மனும் சேர்ந்து தயாரித்தார்கள். சோனியின் 24 தட டிஜிட்டல் இயந்திரத்தில் பதிவு செய்தார்கள், அந்தக் காலத்துக்கு அது புதுசு.

இப்போது யோசித்துப் பாருங்கள். டிரம்ஸை அறையில் வைத்து மைக்கில் பிடிக்கும்போது, அறையின் எதிரொலியும் சேர்ந்து பதிவாகும். அதைப் பிய்த்து முதுகுக்குப் பின்னால் வைத்தால் காது ஒத்துக்கொள்ளாது. கம்பி வழியாக நேராக ஒலிக்கலவைப் பலகைக்குப் போன சின்தசைசருக்கு அப்படி ஓர் இடமே கிடையாது. எங்கே வைத்தாலும் அது அங்கே இருந்ததாகவே நம்பிவிடுவோம். எய்ன்லே இதை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டார் என்பது என் கணிப்பு. நாஃப்ளரின் குரலும் முதன்மைக் கிடாரும் முன்னால் அசையாமல் நிற்கின்றன. கீபோர்டு பக்கவாட்டிலும் பின்னாலும் விரிகிறது. மேடையும் இருக்கிறது, நாம் அதற்கு உள்ளேயும் இருக்கிறோம்.

பாட்டுக்கு வருகிறேன். பெரும்பாலோர் இந்தத் தட்டைக் கையில் எடுத்ததும் ‘மணி ஃபார் நத்திங்’ போடுவார்கள். போடட்டும், ஆரம்பம் அருமையாகத்தான் இருக்கும். விருந்தினராகப் பாடிய ஸ்டிங்கின் குரல் தூரத்திலிருந்து மிதந்து வரும், சின்தசைசர் மெல்ல மெல்ல ஏறும், டெர்ரி வில்லியம்ஸ் டிரம்ஸில் புயலைக் கிளப்புவார், எல்லாம் உச்சிக்குப் போய்ச் சட்டென்று அறுந்து கிடார் மட்டும் தனியாக வரும். அந்தக் கிடார் ஒலிக்கு ஒரு கதை உண்டு. மைக்குகளை இன்னும் சரியாக வைத்து முடிக்கவில்லை. ஒன்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது, இன்னொன்று ஸ்பீக்கருக்கு நேராக இல்லாமல் விலகி இருந்தது. அந்தக் கோலத்தில் கேட்ட ஒலிதான் வேண்டும் என்று அப்படியே வைத்துக்கொண்டார்கள். மூக்கடைத்த மாதிரி ஒரு தனி ஒலி அது. சரவுண்டில் அதைச் சுற்றி இருந்த கூட்டம் விலகி நிற்பதால், கிடார் நடுவில் இன்னும் கரடாக, இன்னும் பக்கத்தில் இருப்பதாகத் தோன்றுகிறது. ஆனால் இந்தப் பாட்டு ஸ்டீரியோவிலேயே முழு வீரியத்துடன் இருந்தது. சரவுண்டால் அதற்குப் பெரிய லாபம் இல்லை. ‘வாக் ஆஃப் லைஃப்’ பாட்டும் அப்படித்தான்.

எனக்கு இந்த மிக்ஸின் உயிர் ‘ஒய் வொரி’ பாட்டில் இருக்கிறது. எட்டரை நிமிடப் பாட்டு. 1985-இல் எல்பி தட்டில் இடம் போதாமல் ஏறத்தாழ மூன்று நிமிடத்தை வெட்டிவிட்டார்கள், சிடியில் முழுதும் வந்தது. வெட்டியதைக் குறை சொல்லவும் முடியாது. ஸ்டீரியோவில் கேட்கும்போது, பாடி முடித்த பிறகு வரும் அந்த நீண்ட வாசிப்பில் ஒன்றும் நடக்காதது போலத்தான் இருக்கும். அதை ஓடவிட்டுவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருபவர்களைப் பார்த்திருக்கிறேன். சரவுண்டில் அதே பகுதியில் எவ்வளவோ நடக்கிறது. கிடாரின் சின்னச் சின்ன மீட்டல்கள் ஒன்றுக்கு இன்னொன்று பதில் சொல்கின்றன. ஒன்று ஓயும் முன் அடுத்தது தொடங்கிவிடுகிறது. கீபோர்டு இழைகள் பின்னாலிருந்து வந்து தோளைத் தொட்டுவிட்டு முன்னால் போகிற மாதிரி இருக்கும். ஒலி கூட்டவே வேண்டாம். ராத்திரி பத்து மணிக்கு மேல் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்காத அளவில் வைத்தாலும் ஒரு இழைகூட விடுபடாது. மெல்லிய பாட்டுக்குச் சரவுண்ட் எதற்கு என்று கேட்பவர்களிடம் நான் இதைத்தான் போட்டுக் காட்டுவேன்.

அடுத்தது ‘ரைட் அக்ராஸ் தி ரிவர்’. கூலிப்படை வீரனையும் விடுதலைக்குப் போராடுபவனையும் பற்றிய பாட்டு. இரவுப் பூச்சிகளின் ஒலியும், புல்லாங்குழல் போன்ற சின்தசைசரும், சோம்பலாக நடக்கும் ரெகே தாளமும் சேர்ந்தது. ஸ்டீரியோவில் அந்தப் பூச்சி ஒலி பின்னணி அலங்காரம். இங்கே அது சுற்றிலும் வந்துவிடுகிறது. பாட்டு ஆரம்பித்ததும் அறையின் சுவர்கள் இருக்கிற இடம் மறந்துபோகிறது. பாட்டில் வருகிறவர்கள் இருட்டில் ஆற்றைக் கடக்கிறார்கள் என்பது அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. அத்தனை காலம் வெறும் தாளத்துக்காகக் கேட்டுக்கொண்டிருந்த பாட்டு.

‘தி மேன்ஸ் டூ ஸ்ட்ராங்’ பற்றி ஒரு வார்த்தை. குரலும் உலோக உடல் கிடாரும் மட்டுமாகத் தாழ்ந்த குரலில் போய்க்கொண்டே இருக்கும். ஆல்பத்தின் அட்டைப் படத்தில் வானத்தில் நிற்கிறதே, அந்த வகைக் கிடார்தான். திடீரென்று டிரம்ஸும் கிடாரும் சேர்ந்து இடி மாதிரி இறங்கும். ஐந்து ஸ்பீக்கரும் சேர்ந்து அந்த அடியைப் பங்கிட்டுக்கொள்வதால் எந்த ஸ்பீக்கரும் திணறுவதில்லை. சின்ன ஸ்பீக்கர் வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய உதவி. கடைசியில் வரும் தலைப்புப் பாட்டு, 1982-இல் நடந்த ஃபாக்லாந்துப் போரை மனதில் வைத்து நாஃப்ளர் எழுதியது. தொலைவில் உருளும் இடியோடு தொடங்கும். அதில் எய்ன்லே பெரிதாக எதையும் சுற்ற விடவில்லை. கிடார் பேசுகிறது, மற்றதெல்லாம் சுற்றி நின்று கேட்கிறது. அந்த அடக்கத்துக்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை.

சரி, வீட்டில் இதைக் கேட்க என்ன வேண்டும்? இந்த மிக்ஸ் எஸ்ஏசிடி (சூப்பர் ஆடியோ சிடி) தட்டாக வந்தது. அதைப் படிக்கும் பிளேயர் வேண்டும். எல்லா டிவிடி பிளேயரும் படிக்காது, சில ப்ளூரே பிளேயர்கள் படிக்கும், பிளேஸ்டேஷன் 3-இன் ஆரம்பகால மாடல்கள் சிலவும் படிக்கும். பிளேயரிலிருந்து ரிசீவருக்கு எச்டிஎம்ஐ வழியாகவோ, ஆறு தனித்தனி அனலாக் கம்பிகள் வழியாகவோதான் பெரும்பாலும் ஒலி போகும். ஆப்டிகல் கம்பியில் எஸ்ஏசிடியின் சரவுண்ட் போகாது. இதைத் தெரிந்துகொள்ளாமல் தட்டு பழுது என்று திருப்பி அனுப்பியவர்கள் உண்டு. அமெரிக்காவில் இதே மிக்ஸ் டூயல்டிஸ்க்காகவும் வந்தது. அதன் ஒரு பக்கம் டிவிடி.

பணத்தைவிட முக்கியம் ஸ்பீக்கர் வைக்கும் இடம். நம் வீடுகளில் நான் பார்த்தவரை பின் ஸ்பீக்கர் இரண்டும் கூரையை ஒட்டி, சுவர் மூலையில், கீழே பார்த்துத் தொங்கும். எலக்ட்ரீஷியனுக்கு அங்கேதான் கம்பி இழுக்க வசதி. சினிமாவில் ஹெலிகாப்டர் பறக்க அது போதும். பாட்டுக்குப் போதாது. முன் ஸ்பீக்கர்கள் நேர் எதிரிலிருந்து இருபக்கமும் 30 டிகிரி, பின் ஸ்பீக்கர்கள் 110 டிகிரி அளவில், அதாவது காதுக்குச் சற்றே பின்னால், பக்கவாட்டில் இருக்க வேண்டும். உயரம் காது மட்டம், மிஞ்சினால் ஓர் அடி மேலே. சோபா பின்சுவரை ஒட்டி இருந்தால் கேட்கிற நேரத்துக்காவது இரண்டடி முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். செலவே இல்லாத இந்த ஒரு காரியம், ஆயிரக்கணக்கில் கொட்டி வாங்கும் கம்பிகளைவிட அதிகம் செய்யும். அப்புறம், ரிசீவரோடு வரும் மைக்கை வைத்து ஸ்பீக்கர்களின் ஒலியை அளந்து முடித்த பின், பின் ஸ்பீக்கர் கேட்கவே இல்லையே என்று அதன் ஒலியை ஏற்றிவிடாதீர்கள். பின்னால் ஸ்பீக்கர் இருப்பது நினைவுக்கு வராமல் இருந்தால்தான் அளவு சரி.

செலவு செய்யலாமா என்று கேட்டீர்கள். படம் பார்ப்பதற்காக ஏற்கனவே 5.1 வைத்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம், தட்டும் பிளேயரும்தான் கூடுதல். ஒன்றுமே இல்லாமல் தொடங்குபவர் என்றால், அதே பணத்துக்கு ஐந்து சுமாரான ஸ்பீக்கர் வாங்குவதைவிட இரண்டு நல்ல ஸ்பீக்கர் வாங்கச் சொல்வேன். ஸ்டீரியோவில் இந்த ஆல்பம் ஒன்றும் குறைந்துபோய்விடவில்லை. உங்கள் மனதுக்கு நெருங்கிய ஆல்பம் வேறு ஏதாவது என்றால், அதற்கு அசல் தடங்களிலிருந்து செய்த சரவுண்ட் மிக்ஸ் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லாவிட்டால் அந்த ஒரு ஆல்பத்துக்காக ஸ்பீக்கர் வாங்க வேண்டாம்.

வாங்கும்போது ஒரு கவனம். எஸ்ஏசிடி என்று போட்டிருப்பதெல்லாம் சரவுண்ட் இல்லை. இதே ஆல்பம் ஸ்டீரியோ மட்டும் உள்ள எஸ்ஏசிடியாகவும் வந்திருக்கிறது. 2005 இருபதாவது ஆண்டுப் பதிப்பா, அட்டையில் மல்டி சேனல் என்ற குறி இருக்கிறதா என்று விற்பவரிடம் படம் கேட்டு வாங்கிப் பாருங்கள். தட்டு கைக்கு வந்ததும் ‘ஒய் வொரி’ பாட்டை முதலில் போடுங்கள், ‘மணி ஃபார் நத்திங்’ அப்புறம் போடலாம்.