ஐஸ் போதைப் பழக்கத்தை விட்ட பிறகும் தம்பிக்கு ஏன் இந்த மறதி?

"தம்பி ஐஸை விட்டு மூன்று மாதம். சொன்னது எதுவும் மனதில் நிற்பதில்லை, தொடங்கிய வேலையை முடிப்பதில்லை. நடிக்கிறானா? த்ரீவீலை ஓட்ட அவனிடம் திரும்பக் கொடுக்கலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெரும்பாலும் நடிப்பாக இருக்காது, அக்கா. கொட்டாஞ்சேனைப் பக்கம் போதையிலிருந்து மீளும் பிள்ளைகளோடும் அவர்கள் வீட்டாரோடும் வேலை செய்கிறேன். நீங்கள் சொல்வதைக் கிழமைக்குக் கிழமை கேட்கிறேன்.

புறக்கோட்டையில் புடவைக்கடையில் நின்ற ஒரு பிள்ளை. முந்தி எந்த பில்லையும் வாயாலேயே கூட்டிச் சொல்லிவிடுவானாம். விட்ட பிறகு கடைக்குப் போனான். வாடிக்கையாளர் நடுவில் "ஆறு வேண்டாம், நாலு போடுங்க" என்றால் போதும், அதுவரை கூட்டியது முழுக்க அழிந்துபோகும். முதலிலிருந்து தொடங்குவான். மூன்றாம் தடவை கல்குலேட்டரை மேசையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டான். முதலாளி அதைத் திமிர் என்றார். தலையில் ஒன்றைப் பிடித்துக்கொண்டே இன்னொன்றைச் செய்கிற திறன்தான் அவனுக்குக் குறைந்திருந்தது.

ஐஸ் என்பது மெத்தம்ஃபெட்டமைன். நரம்பு முனைக்குள் புகுந்து, அங்கிருக்கும் டோபமைன் என்ற, ஊக்கத்தோடு தொடர்புள்ள மூளை இரசாயனத்தை வெளியே தள்ளும். கொக்கைன் என்ற இன்னொரு ஊக்கப்போதை உடம்பில் பாதியாகக் குறைய ஒரு மணித்தியாலம் அளவில் ஆகும். ஐஸுக்குப் பத்துப் பன்னிரண்டு. அவ்வளவு நேரம் மூளை அடி வாங்குகிறது. கவனம், ஞாபகம், திட்டமிடல், "இப்போது வேண்டாம்" என்று கையை இழுத்துக்கொள்ளும் கட்டுப்பாடு எல்லாம் தளரும். மறதியை விட இந்தக் கடைசி விஷயம்தான் எனக்குப் பயம். திரும்பவும் பழக்கத்தில் விழுவது அந்த வழியாகத்தான்.

மூளை திரும்புமா? கணிசமாகத் திரும்பும், ஆனால் மெதுவாக, எல்லாம் ஒரே வேகத்தில் இல்லை. 2001இல் வெளியான ஆய்வு ஒன்றில் அமெரிக்க மூளை ஆய்வாளர் நோரா வோல்கோவின் குழு, மெத்தம்ஃபெட்டமைனை விட்டு 12 முதல் 17 மாதமான ஐந்து பேரை மறுபடி ஸ்கேன் செய்தது. சிறிய ஆய்வுதான். ஐஸால் குறைந்திருந்த, டோபமைனைத் திரும்ப உள்ளிழுக்கும் புரதங்கள் மீண்டும் கூடியிருந்தன. ஞாபகச் சோதனைகளோ அந்த அளவுக்கு முன்னேறவில்லை. அதனால் மூன்று மாதத்தில் தம்பிக்குத் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள்.

நம் மீட்பு நிலையங்கள் சிலவற்றில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. கவனமே நிற்காத பிள்ளையை இரண்டு மணித்தியாலம் உட்கார வைத்துப் புத்தி சொல்கிறார்கள். பிறகு "ஒத்துழைக்கவில்லை" என்று எழுதுகிறார்கள். அவனுக்கு வேண்டியது அரை மணித்தியாலம், ஒரே ஒரு விஷயம், அடுத்த முறையும் அதே விஷயம். ஐஸுக்கென்று அங்கீகரிக்கப்பட்ட மருந்து கிடையாது. விட்டிருப்பதைப் பரிசோதித்து, உடனுக்குடன் சின்னப் பரிசு கொடுக்கும் முறைக்குத்தான் இதுவரை நல்ல பலன். தூரத்துப் பலனை நினைத்து நடக்க முடியாத மூளைக்கு அது பொருந்துகிறது.

வீட்டிலும் அப்படித்தான். ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லுங்கள். கிளினிக் திகதியைக் கலண்டரில் பெரிதாக எழுதி அவன் கண் படும் இடத்தில் மாட்டுங்கள். நித்திரை ஒழுங்காக வேண்டும். நித்திரை கெட்டாலே பாதி ஞாபகம் போய்விடும். மனச்சோர்வும் பழைய தலைக்காயமும் இதே மாதிரி காட்டும், டொக்டரிடம் அவற்றையும் சொல்லுங்கள். ஞாபகத்தையும் கவனத்தையும் பார்க்கும் மொக்கா என்ற 30 புள்ளிச் சோதனை பத்து நிமிடத்தில் முடியும். அதில் தேறினாலும் சிக்கல் இல்லையென்று ஆகாது, ஆனால் தொடக்கத்துக்கு நல்லது. அங்கொடை தேசிய மனநல நிறுவனத்தின் தொலைபேசி 1926, போதைப் பழக்கத்துக்கு ஆலோசனை 1927. திடீரென்று ஒரு பக்கம் கை கால் சோர்ந்தாலோ பேச்சுக் குழறினாலோ காத்திருக்க வேண்டாம், 1990 அம்புலன்ஸுக்கு எடுங்கள். ஐஸ் போன்ற ஊக்கப்போதை பக்கவாதத்தையும் கொண்டுவரும்.

த்ரீவீல்: இப்போது வேண்டாம். வண்டி ஓட்டக் கவனமும் வேகமும் சேர்ந்தே வேண்டும். தினமும் காசு கையில் வரும், பழைய கூட்டாளிகள் ஸ்டாண்டிலேயே நிற்பார்கள். டொக்டர் சரி சொல்லும் வரை, தெரிந்த ஆளின் கடையில் அரைநாள் வேலையாகப் பாருங்கள்.