திருகோணமலையில் பழைய சுவர்களுக்குச் சிமெந்து பூசலாமா?

கையில் காசு குறைவு, உதிர்கிற பழைய சுவர்களுக்குச் சிமெந்து பூசிவிட்டால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து பூசாதீர்கள். கடற்கரை ஊர்ச் சுவர் உப்பையும் ஈரத்தையும் உறிஞ்சும். சுண்ணாம்புச் சாந்து என்றால் ஈரம் அதன் வழியே காய்ந்துவிடும், சிமெந்து அதை அடைத்துவிடுவதால் உப்பு உள்ளேயே படிகமாகி, வெளிப்பூச்சு நன்றாகத் தெரியும்போதே பின்னால் இருக்கிற கல்லையும் செங்கல்லையும் மாவாக்கிவிடும். முதலில் கூரை ஒழுக்கையும் பீலியையும் சரிசெய்யுங்கள், சுவரில் முளைக்கும் ஆலங்கன்றைச் சின்னதிலேயே எடுத்துவிடுங்கள், இதற்கெல்லாம் பெரிய செலவில்லை. போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயிலின் கற்கள் கோட்டையாகிப்போன ஊர் இது, பிரெட்ரிக் கோட்டை வாசலில் பாண்டியரின் மீன் சின்னத்தை இன்றும் பார்க்கலாம். இனி ஒரு கல்லையும் நாம் இழக்கக் கூடாது. அப்புறம், சட்டப்படி பாதுகாக்கப்பட்ட இடமென்றால் தொல்லியல் திணைக்களத்தின் அனுமதி வாங்காமல் கைவைக்காதீர்கள்.