மூச்சுத் திணறும் இறாலுக்கு ரத்தம் எப்படி உதவுகிறது?

கேள்வி: வெயில் ஏறும் நாட்களில் என் தொட்டி இறால்கள் சோர்ந்துவிடுகின்றன. தண்ணீரில் ஆக்சிஜன் குறைவதுதான் காரணமா? அவற்றின் ரத்தம் நீலம் என்கிறார்களே, உண்மையா?

பதில்: நீலம்தான், ஆனால் எப்போதும் அல்ல. நண்டின் கால் மூட்டிலிருந்து ஊசியால் ரத்தம் எடுத்துப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவன் நான். ஆக்சிஜன் இழந்த ரத்தம் ஏறக்குறைய நிறமற்றது. காற்றுப் பட்டதும் மெல்ல நீலம் ஏறும். எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத காட்சி அது. காரணம் ஹீமோசயனின் என்ற புரதம். நம் ரத்தத்தில் இரும்பு செய்யும் வேலையை இங்கே செம்பு செய்கிறது. இரண்டு செம்பு அணுக்கள் சேர்ந்து ஓர் ஆக்சிஜன் மூலக்கூறைப் பிடிக்கின்றன. இந்தப் புரதம் ரத்த அணுக்களுக்குள் அடைபடாமல் ரத்தத்தில் நேரடியாகக் கரைந்திருக்கிறது. அதனால் ரத்தத்தின் உப்பு, அமிலம் எது மாறினாலும் அதை உடனே தொட்டுவிடும்.

வெயிலில் மூன்று சிக்கல்கள் ஒன்றாக வருகின்றன. பூஜ்ஜியம் டிகிரியில் ஒரு லிட்டர் நன்னீர் சுமார் 14.6 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்துக்கொள்ளும். 30 டிகிரியில் அது ஏறத்தாழ 7.5 மில்லிகிராம்தான். அதே நேரத்தில் இறாலின் உடல் கூடுதல் ஆக்சிஜனைக் கேட்கிறது. ஹீமோசயனினின் பிடியும் சூட்டில் தளர்கிறது. பிடி தளர்ந்தால் திசுக்களில் ஆக்சிஜனை இறக்குவது எளிது. செவுளில் ஏற்றுவதுதான் பெரும்பாடு.

மூச்சுத் திணறும்போது உடலில் லாக்டிக் அமிலம் சேரும். ரத்தம் அமிலமானால் பிடி இன்னும் தளர வேண்டும். ஆனால் 1980இல் த்ரூஷோ என்ற பிரெஞ்சு உடலியலாளர் நண்டுகளில் வேறொன்றைக் காட்டினார்: அமிலத்தோடு வரும் லாக்டேட், ஹீமோசயனினோடு ஒட்டிக்கொண்டு அதன் பிடியை இறுக்குகிறது. திணறலில் பிறந்த கழிவே ஆக்சிஜனைப் பற்றிக்கொள்ள உதவுகிறது! யூரேட் என்ற யூரிக் அமில உப்பு, கால்சியம், மக்னீசியம் ஆகியவையும் பல இனங்களில் இப்படியே செயல்படுகின்றன. நிலத்தில் வாழும் சில நண்டுகளிடம் மட்டும் லாக்டேட்டின் இந்த வேலை எடுபடுவதில்லை. காற்றில் ஆக்சிஜனுக்குப் பஞ்சமில்லையே.

இந்த உதவிக்கும் எல்லை உண்டு. பட்டினி கிடந்தால் ஹீமோசயனினையே உடல் உணவாகக் கரைத்துக்கொள்ளும். சட்டை உரித்த கையோடு ரத்தமும் நீர்த்திருக்கும். அந்த நாட்களில் சூடு, உப்பு அளவு எதையும் திடீரென மாற்றாதீர்கள். தொட்டியில் செடிகள் இருந்தால் ஆக்சிஜனை விடியலுக்குச் சற்று முன் அளந்து பாருங்கள். இரவெல்லாம் செடிகளும் சுவாசிப்பதால் அப்போதுதான் அது மிகவும் குறைந்திருக்கும்.

கேள்வி: குளத்து நீர்த்தெள்ளு சில சமயம் சிவப்பாக இருப்பது நோயா?

பதில்: பெரும்பாலும் இல்லை. டாஃப்னியா எனப்படும் நீர்த்தெள்ளுகள் இறாலின் உறவான மிகச் சிறிய உயிர்கள். அவை ஆக்சிஜன் குறைந்த நீரில் நம்மைப் போலவே ஹீமோகுளோபினை அதிகமாகச் சுரக்கும். உடல் கண்ணாடி போன்றது என்பதால் சிவப்பு வெளியே தெரிகிறது. காற்றோட்டமுள்ள நீருக்கு மாற்றினால் சில நாட்களில் வெளிறத் தொடங்கும்.