டிராகனின் கட்டைவிரல்

அன்புள்ள சார்,

உங்கள் டிராகன் காமிக்ஸின் இரண்டு பாகங்களையும் நானும் என் எட்டு வயது மகளும் சேர்ந்து வாசித்தோம். மூன்றாம் பாகம் எப்போது வரும்? இரண்டு வருடமாகக் காத்திருக்கிறோம். வேறு என்ன எழுதிக்கொண்டிருக்கிறீர்கள்? ஓய்வு நேரத்தில் என்ன செய்வீர்கள்?

ஒரு சிறு மனக்குறை. வௌவால்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருப்பதாக ஒரு பேட்டியில் சொன்னீர்கள். மாயக்கதையில் எதுவும் நடக்கலாமே, அதற்கு எதற்கு இந்த ஆராய்ச்சியெல்லாம்? இரண்டாம் பாகக் கடைசியில் கிழட்டு டிராகனின் சிறகு ஒடிகிறது. முதல் பாகத்தில் மருத்துவச்சி தொட்டதுமே இளவரசியின் காயம் ஆறியது. அவளையே வைத்து இதையும் சரிசெய்துவிட்டால் கதை வேகமாக நகருமே. வரைவதற்குத்தான் தாமதம் என்றால் இப்போது ஏஐயிலேயே வரைந்துவிடலாம். தவறாக நினைக்க வேண்டாம்.

மகள் வரைந்த டிராகனை இணைத்திருக்கிறேன்.

ர.

அன்புள்ள ர.,

ஏஐ வேண்டாம். அதை இத்தோடு விட்டுவிடுவோம்.

ஓய்வு நேரத்தில் வௌவால் வீடியோ பார்க்கிறேன். எழுத வேண்டிய நேரத்திலும் அதைத்தான் பார்க்கிறேன், என் ஓவியரிடம் சொல்லிவிடாதீர்கள். வேறு என்ன எழுதுகிறேன் என்று கேட்டிருந்தீர்கள். பேசவே தெரியாத ஒரு பூதத்தைப் பற்றி ஒரு சிறு கதை பாதியில் நிற்கிறது. நிற்கட்டும்.

'மாயக்கதையில் எதுவும் நடக்கலாமே.' இந்த வரியை இதுவரை எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டாயிற்று. ஒரு மாதமாக என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருப்பதும் இதுதான். சரியாக அதில் வந்து கை வைத்துவிட்டீர்கள். எல்லோருக்கும் சேர்த்து உங்களைத் திட்டப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எதுவும் நடக்கலாம் என்றால் எது நடந்தால்தான் என்ன? டிராகன் விழுந்தால் நீங்கள் ஏன் பதற வேண்டும்? முதல் பாகத்தை மறுபடி எடுத்துப் பாருங்கள். காயம் ஆறும் கட்டத்துக்கு அடுத்த பக்கத்திலிருந்து அந்த மருத்துவச்சி எல்லாவற்றையும் இடது கையால்தான் செய்கிறாள். வலது கை போர்வையை விட்டு வெளியே வரவே இல்லை. கதை முடியும்வரை அப்படித்தான். ஒரு வசன பலூனில்கூட அதைச் சொல்லவில்லை. நீங்கள் பலூன்களை மட்டும் வாசித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பியிருக்கிறீர்கள். மகளிடம் கேளுங்கள், அவள் பார்த்திருப்பாள். இன்னொரு கைதான் மிச்சமிருக்கிறது அந்தக் கிழவியிடம். அதையும் கொடு என்கிறீர்கள், கதை வேகமாக நகர்வதற்காக.

மாயக்கதையிலும் எதுவும் நடந்துவிட முடியாது என்பது எனக்கே தெரியாமல்தான் இருந்தது. இரண்டாம் பாகத்தின் ஸ்கிரிப்டில் ஓரிடத்தில், 'டிராகன் கோபுர உச்சியில் வந்து இறங்குகிறது' என்று ஒரே வரியில் எழுதி அனுப்பிவிட்டேன். ஓவியர் போன் செய்தார்.

"சார், எந்தக் காலை முதல்ல ஊனும்?"

"எது அழகா இருக்கோ அதை ஊனட்டும்."

அந்தப் பக்கம் ஒரு பேச்சும் இல்லை. எட்டு நாள் கழித்து ஒரே தாளில் நான்கு பென்சில் ஸ்கெட்ச் வந்தது. நான்கிலும் முதுகில் சிறகு, கீழே நான்கு கால், பின்னால் கோபுரம். நன்றாகத்தான் வரைந்திருந்தார். ஆனால் தாளின் ஓரத்தில் சின்ன எழுத்தில், 'நாலும் பொம்மை. தோள் எங்கே?' என்று எழுதியிருந்தார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ராத்திரி தூக்கம் வராமல் தேடத் தொடங்கினேன். முதுகெலும்புள்ள எந்தப் பிராணிக்கும் நான்குக்கு மேல் கைகால் கிடையாது. பறக்கிறது என்றால் முன்னங்கால் இரண்டும் சிறகாக மாறியிருக்க வேண்டும். பறவைக்கும் வௌவாலுக்கும் அப்படித்தான். நான்கு காலையும் வைத்துக்கொண்டு முதுகில் தனியாகச் சிறகு முளைத்தால் அதை அசைக்கிற தசை எங்கே போய் ஒட்டிக்கொள்ளும்? ஓவியர் கேட்டது அதைத்தான்.

வௌவாலின் சிறகை விளக்குக்கு எதிரே விரித்த ஒரு படம் இருக்கிறது. அது அப்பட்டமாக ஒரு கை. நான்கு விரல்கள் குடைக்கம்பிபோல நீண்டு தோலைத் தாங்குகின்றன. கட்டைவிரல் மட்டும் அதில் சேராமல் மேலே, நகத்தோடு, கொக்கிபோலத் துருத்திக்கொண்டிருக்கிறது. பற்றிக்கொள்ளவும் ஊர்ந்துபோகவும் அதுதான். வௌவால் இனத்துக்கு வைத்திருக்கிற விஞ்ஞானப் பெயருக்கே கிரேக்கத்தில் 'கைச்சிறகு' என்றுதான் பொருள்.

அங்கிருந்து டெரோசார்களிடம், டைனோசார் காலத்துப் பறக்கும் ஊர்வனவற்றிடம், போனேன். அவற்றுக்கு ஒரே ஒரு விரல், நான்காவது விரல், மொத்தச் சிறகையும் சுமக்கிறது. குவெட்சல்கோட்லஸ் என்று ஒன்று. 1971இல் டெக்சாஸில் அதன் எலும்புகள் கிடைத்தன. சிறகை விரித்தால் சுமார் பத்து மீட்டர், எழுந்து நின்றால் ஒட்டகச்சிவிங்கி உயரம். அவ்வளவு பெரிய உடம்பு எப்படி மேலே கிளம்பியிருக்கும்? பின்னங்காலால் ஓடித் தாவி அல்ல, மடித்த சிறகுகளைத் தரையில் ஊன்றி, கையால் உந்தித்தான் எழுந்திருக்கும் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ரத்தம் குடிக்கும் வௌவால்கள் இன்றைக்கும் தரையிலிருந்து அப்படித்தான் எழும்புகின்றன. அந்த வீடியோவை நாற்பது தடவையாவது பார்த்திருப்பேன். ஒரு தண்டால் எடுக்கிற மாதிரி கீழே அமுங்குகிறது. அடுத்த நொடி அங்கே இல்லை.

விடிந்ததும் ஓவியருக்கு எழுதினேன்: 'முன்னங்கால் வேண்டாம். அது கையை ஊன்றித்தான் இறங்கும்.' பதிலுக்கு ஒரு கட்டைவிரலை வரைந்து அனுப்பினார், டிராகனின் கட்டைவிரலை. இறங்கும் வேகத்தில் சேணம் சரிந்து அந்தப் பெண் பிடித்துக்கொள்கிறாளே, அது அந்த விரல்தான்.

நாவலில் 'டிராகன் வந்து இறங்கியது' என்று எழுதிவிட்டுத் தப்பிவிடலாம். சினிமாவில் ஒரு நொடியில் கடந்துபோகும். காமிக்ஸில் அது தாளிலேயே நிற்கிறது ஐயா. ஒரு குழந்தை அதன்மேல் கன்னத்தை வைத்துக்கொண்டு பத்து நிமிடம் பார்க்கும். பொய் இருந்தால் கண்டுபிடித்துவிடும், ஆனால் சொல்லத் தெரியாமல் புத்தகத்தை மூடிவிடும். பிரெஞ்சு காமிக்ஸ் கலைஞர் மோபியஸ் 1975இல் வரையத் தொடங்கிய 'அர்ஸாக்' கதைகளில் ஒரு வசனம்கூடக் கிடையாது. பழங்காலப் பறக்கும் பல்லி மாதிரி ஒன்றின்மேல் ஏறி ஒருவன் போய்க்கொண்டே இருக்கிறான். அவன் யார், எதற்குப் போகிறான், ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் அந்தப் பிராணியின் கனம் எனக்குத் தெரிகிறது. அதை மேஜையிலேயே வைத்திருக்கிறேன், சமயத்தில் பொறாமையில் கவிழ்த்தும் வைப்பேன்.

சிறகு ஒடிந்தது என்றா எழுதியிருக்கிறீர்கள்? ஒடிந்தது விரல். கையை ஊன்றி எழும்புகிற உயிருக்கு விரல் போனால் சமதரையிலிருந்து கிளம்ப முடியாது. ஆனால் உயரத்திலிருந்து விழுந்தால் ஒருவேளை மிதக்கலாம். ஆகவே அந்தப் பெண் அதை ஒரு மலை உச்சிக்கு நடத்திக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். மூன்றாம் பாகம் முழுக்க அந்த நடைதான். நடக்கத் தெரியாத ஒரு கிழடும், பொறுமை இல்லாத ஒரு சிறுமியும். மருத்துவச்சி தொட்டு ஆற்றியிருந்தால் எனக்கு இந்தக் கதையே கிடைத்திருக்காது.

தாமதத்துக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. ஜப்பானிய இயக்குநர் மியாசாகி 'நௌசிக்கா' மங்காவை, அதாவது காமிக்ஸை, 1982இல் தொடங்கி 1994இல் முடித்தார், நடுநடுவே சினிமா எடுக்கப் போய்விட்டார். நான் வௌவால் பார்க்கப் போயிருக்கிறேன்.

இனி முக்கியமான விஷயம். உங்கள் மகளின் டிராகனை ஓவியருக்கு அனுப்பினேன். சிறகின் நுனியில் அவள் ஐந்து விரல் போட்டிருக்கிறாள், ஐந்திலும் நகம். யாரும் சொல்லித்தராமல் போட்டிருக்கிறாள் என்பதில் எங்கள் இருவருக்குமே கொஞ்சம் வயிற்றெரிச்சல். ஆனால் தாளின் வலது ஓரத்தில் வால் பாதியில் நிற்கிறது, பக்கத்தில் பசை காய்ந்த தடம் தெரிகிறது. இடம் போதாமல் இன்னொரு தாள் ஒட்டி வரைந்திருக்கிறாள், அளவுக்குள் அடங்கவில்லை என்று நீங்கள் ஸ்கேன் செய்யும்போது அதை விட்டுவிட்டீர்கள். என்ன மனுஷன் ஐயா நீங்கள்? ஒட்டுத்தாளையும் சேர்த்து மறுபடி அனுப்புங்கள். வாலை அவள் எங்கே கொண்டுபோய் முடித்திருக்கிறாள் என்று ஓவியர் நேற்றிலிருந்து இரண்டு தடவை கேட்டுவிட்டார்.